சுற்றுச்சுவருக்கு வந்த கருங்கல்லில் சிவப்பு மணிகள், பொன் புள்ளிகள், பச்சைப் பூச்சு: இவை என்ன கனிமங்கள்?

வில்லியனூர் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரின் அடித்தளத்துக்காகச் சென்ற வாரம் மூன்று லோடு கருங்கல் இறக்கினோம். திருவக்கரைப் பக்கத்துக் குவாரிகளில் எடுத்த கல் என்று லாரி ஓட்டுநர் சொன்னார். கொத்தனார் சம்மட்டியால் கல்லை உடைத்து, முகம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நான்கு துண்டுகளைப் பொறுக்கித் தாழ்வாரத்தில் வரிசையாக வைத்துவிட்டாள். அன்று முதல் அவள் கேட்கும் கேள்விகளுக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. நான் தமிழ் கற்பிப்பவள்; கல்லைப் பற்றிய என் அறிவு அம்மி, குழவி, ஆட்டுக்கல் என்ற அளவோடு நின்றுவிடுகிறது.

முதல் துண்டு கரும்பச்சைச் சாயலுடன், எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போடு இருக்கிறது. அதில் கடுகளவிலிருந்து மொச்சைக்கொட்டை அளவு வரை, மாதுளை முத்தின் நிறத்தில் மணிகள் பதிந்திருக்கின்றன. இரண்டாவது அட்டைக் கருப்பு. மிகவும் நெருக்கமான கல். ஆனால் வெயிலில் திருப்பிப் பார்த்தால் ஊசிமுனையளவு பொன் புள்ளிகள் மின்னுகின்றன. ஒரு சிறு காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டால், அது இந்தக் கல்லை நோக்கிச் சற்றே சாய்கிறது. மூன்றாவதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை குறுக்கே ஓடுகிறது. அதில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமான பெரிய கட்டிகளும், நகத்தால் ஏடு ஏடாக உரிக்க வரும் காக்காப்பொன்னும் இருக்கின்றன. நான்காவது துண்டில், பிளந்த முகத்தில் மட்டும் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் பாசி படிந்தது போன்ற ஒரு பூச்சு. தேய்த்துக் கழுவியும் போகவில்லை.

கல் விற்றவரைக் கேட்டதற்கு, எல்லாம் கிரானைட்தான், எல்லாம் ஒன்றுதான் என்று முடித்துவிட்டார். அப்படியானால் இந்த நான்கும் ஏன் இப்படி வேறுபடுகின்றன? சிவப்பு மணி மாணிக்கமாக இருக்குமா? (என் மாமியார் மோதிரத்துக்கு அளவு கொடுக்கும் மனநிலையில் இருக்கிறார்.) பச்சைப் பூச்சு செம்புத் தாதுவா? இத்தாலியில் பழைய கிரானைட் குவாரிகளில் கிடைத்தவை என்று விரல் நீளப் படிகங்களின் படங்களை மகள் இணையத்தில் காட்டுகிறாள். நம் பக்கத்துக் குவாரிகளில் அப்படி ஏன் கிடைப்பதில்லை? திருவக்கரையில் மரம் போன்ற கல் கிடக்கிறதே, அதில் ஒரு துண்டை அவளுடைய சேகரிப்பில் சேர்க்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.


சங்கராபரணிக் கரையான் எழுதியது:

அம்மா, நிலவியல் படித்துவிட்டுப் பல ஆண்டுகள் சாலை ஜல்லியின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் குழப்பத்துக்குக் காரணம் கல் அன்று, பெயர். வணிகத்தில், மெருகேறக்கூடிய கடினமான கல் எதுவாயினும் அது கிரானைட். நிலவியலில் கிரானைட் என்றால், பாறைக்குழம்பு பூமிக்குள்ளேயே மெல்லக் குளிர்ந்து உருவான, குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற வெளிர் நிறக் கனிமங்கள் மிகுந்த ஒரு குறிப்பிட்ட பாறை மட்டுமே. வெளிர் நிறக் கனிமங்களுள் குவார்ட்ஸ் மட்டும் 20 முதல் 60 விழுக்காடு வரை இருக்க வேண்டும் என்பது போன்ற வரையறைகள் அதற்கு உண்டு. அந்த வரையறைப்படி பார்த்தால் உங்கள் தாழ்வாரத்தில் இருப்பவற்றுள் பெரும்பாலானவை கிரானைட் அல்ல. மேசைத்தளத்துக்குப் போடும் ‘காஷ்மீர் ஒயிட்’ மதுரை மாவட்டத்தில் வெட்டப்படுகிறது. அதுவும் நிலவியலாருக்குக் கிரானைட் இல்லை, காஷ்மீருக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. கடைப்பெயரை நம்பிக் கனிமம் தேடினால் இப்படித்தான் வழி தவறும்.

முதல் துண்டு சார்னக்கைட். வானூர், திண்டிவனம் பக்கங்களில் ஜல்லிக்காக உடைக்கப்படும் கல்லில் பெரும்பகுதி இதுதான். கல்கத்தா நகரின் தோற்றத்தோடு தொடர்புபடுத்தப்படும் ஜாப் சார்னக்கின் கல்லறைப் பலகை இந்த வகைக் கல்லால் ஆனது. சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிப் பாறையோடு அதை ஒப்பிட்டு, 1893-இல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் இந்தப் பெயரைச் சூட்டினார். ஆக, உலகம் முழுவதும் பாடநூல்களில் வழங்கும் ஒரு பாறைப் பெயருக்கு மூலக்கல் தமிழ்நாட்டுக் கல்தான். அந்த எண்ணெய் மினுமினுப்பும் கரும்பச்சைச் சாயலும் அதன் ஃபெல்ட்ஸ்பாருக்கும், நீலம் கலந்த மங்கலான குவார்ட்ஸுக்கும் உரியவை. கருமையாகத் தெரியும் மணிகளுள் ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன் வகைக் கனிமம் இருக்கும். சார்னக்கைட்டைச் சாதாரணக் கிரானைட்டிலிருந்து பிரித்துக் காட்டுவது அதுதான்.

சிவப்பு மணி கார்னெட்; இரும்பும் மக்னீசியமும் அலுமினியமும் சிலிக்காவோடு சேர்ந்தது. மாணிக்கம் என்பது குருந்தக்கல், அலுமினிய ஆக்சைடு. மோஸ் கடினத்தன்மை அளவில் அது 9, கார்னெட் ஏறத்தாழ 7. நம் நகைக்கடைகளில் விற்கும் கோமேதகமும் கார்னெட் குடும்பத்தைச் சேர்ந்ததே, ஆனால் அது வேறு வகை. உங்கள் மணிகளைக் கைக்கண்ணாடியில் பார்த்தால் உள்ளே நூற்றுக்கணக்கான விரிசல்கள் ஓடுவது தெரியும். பட்டை தீட்டினால் பொடிந்துவிடும். மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதில் எனக்கு ஆலோசனை ஏதும் இல்லை.

இரண்டாவது டோலரைட். பழைய பாறையில் விரிசல் விழுந்து, அந்த விரிசல் வழியே ஆழத்திலிருந்து ஏறிய குழம்பு சுவர் போல் உறைந்து நின்ற கல் அது. ‘பிளாக் கிரானைட்’ என்று ஏற்றுமதியாவது பெரும்பாலும் இந்த இனம். திண்டிவனம் பக்கத்துக் குன்னம் கருப்புக்கல் அவ்வகையில் பெயர் பெற்றது. அதில் பிளாஜியோகிளேஸ் என்ற ஃபெல்ட்ஸ்பாரும் ஆகைட் என்ற பைராக்சீனும் பின்னிக் கிடக்கும். காந்தத்தை இழுப்பது மாக்னடைட் என்ற இரும்புத் தாது. பொன் புள்ளி பெரும்பாலும் பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும்.

மூன்றாவது துண்டின் பட்டை பெக்மடைட். குழம்பு உறையும்போது கடைசியில் எஞ்சும் நீர் மிகுந்த பகுதியில் படிகங்கள் பெரிதாக வளரும்; இளஞ்சிவப்பு பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார், வெள்ளை அல்லது சாம்பல் குவார்ட்ஸ், ஏடு உரிவது அப்பிரகம்.

பச்சைப் பூச்சை நீங்கள் எழுதியதை வைத்து மட்டும் முடிவு செய்ய நான் விரும்பவில்லை. இரும்பு ஆணியால் கீறிப் பாருங்கள். ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். எளிதில் கீறினால் குளோரைட் என்ற மென்மையான பச்சைக் கனிமமாக இருக்கலாம். வினிகரில் நுரைத்தால் செம்புத் தாதுவான மாலகைட்டை நினைக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் எபிடோட் என்ற கடினமான பச்சைக் கனிமம்.

திருவக்கரையில் இருப்பது கல்மரம். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்களின் உள்ளே சிலிக்கா ஊடுருவி, இழை இழையாக மரத்தின் இடத்தைத் தான் பிடித்துக்கொண்டது. அதாவது அதுவும் கனிம அளவில் குவார்ட்ஸ் இனம்தான். 1781-இலேயே பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னெரா அதைக் குறிப்பிட்டிருக்கிறார். அது பாதுகாக்கப்பட்ட தேசிய நிலவியல் நினைவிடம். ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. மகளை நேரில் அழைத்துச் சென்று காட்டுங்கள், படம் எடுத்துக்கொள்ளட்டும்.


உளிச்சத்தம் எழுதியது:

மேலே ஐயா சொன்னவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் விற்றவர் சொன்னதை வைத்துக் கல் வேலை செய்பவர்கள் எல்லோரும் எல்லாக் கல்லையும் ஒன்றாகப் பார்க்கிறார்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எங்கள் குடும்பம் மயிலம் பக்கத்தில் மூன்று தலைமுறையாகக் கல்லை நம்பிப் பிழைத்தது. என் தாத்தா கல்லைத் தட்டி, அது எழுப்பும் நாதத்தைக் கேட்டே ஆண் கல், பெண் கல், அலிக்கல் என்று பிரிப்பார். மூர்த்திக்கு எது, பீடத்துக்கு எது, எதை வேலைக்கே எடுக்கக் கூடாது என்பதெல்லாம் அந்த ஓசையில் முடிவாகிவிடும். ஹைப்பர்ஸ்தீன் என்ற பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் சிவப்பு மணி மிகுந்த கல்லில் முகம் செதுக்க மாட்டார். உளி விழும்போது அந்த மணி தனியாகத் தெறித்து, கன்னத்தில் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்துவிடும். மூன்றாவது துண்டில் இருப்பது போன்ற பட்டை ஓடினால், தூணுக்கோ உத்தரத்துக்கோ அந்தக் கல் ஆகாது. பட்டை ஓரமாகவே பிளந்துகொள்ளும்.

கருப்புக்கல் சுவர் போல் நிற்கும் என்று ஐயா எழுதியதைக் குவாரியில் கண்ணால் பார்க்கலாம். சாம்பல் நிறப் பாறைக்கு நடுவே நேர்கோடு போட்டது போல் கருப்பு தொடங்கும், நேர்கோடு போட்டது போல் முடியும். ஓரத்தில் மணி மிகவும் நைசாகவும், நடுவில் சற்றுப் பருமனாகவும் இருக்கும். இது ஏன் என்று சிறு வயதில் நான் கேட்டதற்கு யாரும் விடை சொன்னதில்லை. ஓரத்தில் குளிர்ந்த பாறை பட்டதால் குழம்பு சீக்கிரம் உறைந்தது என்பதைப் பின்னாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நம் பக்கத்துப் பாறையில் மனிதன் கை வைத்த கதை மிகப் பழையது. விழுப்புரம் வட்டாரத்து மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஏதுமின்றி இந்தக் கோயிலை விசித்திரசித்தன் ஆக்கினான் என்று கல்வெட்டே சொல்கிறது. அந்த விசித்திரசித்தன் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன். ஏழாம் நூற்றாண்டிலேயே இவ்வளவு கடினமான பாறையைக் குடைந்திருக்கிறார்கள். பழைய பாறைகளின் ஓரத்தில் வரிசையாகச் சதுரக் குழிகள் இருந்தால் நின்று பாருங்கள். ஆப்பு வைத்துப் பிளப்பதற்காக வெட்டிய குழிகள் அவை.

ஒரு வேண்டுகோள். மகள் ஆசைப்படுகிறாள் என்று கைவிடப்பட்ட குவாரிக்கு அழைத்துச் செல்லாதீர்கள். தண்ணீர் தேங்கிய அந்தப் பள்ளங்களுக்குக் கரைச்சரிவு கிடையாது. கால் வழுக்கினால் பிடித்து ஏற ஒன்றும் இராது. வீட்டில் கல்லை உடைப்பதாக இருந்தால் நனைத்துவிட்டு உடையுங்கள், கண்ணாடி அணியுங்கள். குவார்ட்ஸ் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. எங்கள் வீட்டில் அதற்கு விலை கொடுத்திருக்கிறோம்.


முத்தியால்பேட்டை பேரன் எழுதியது:

இத்தாலிப் படிகங்களைப் பற்றிய கேள்வி இன்னும் எஞ்சி நிற்கிறது. நான் பிரான்சில் வளர்ந்தவன், விடுமுறையில்தான் புதுச்சேரி. கனிமம் சேகரிக்கும் பழக்கத்தால் இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில் உள்ள பவேனோ என்ற ஊருக்குப் போயிருக்கிறேன். உங்கள் மகள் பார்த்த படம் அவ்வூரைச் சேர்ந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பவேனோவில் கிடைப்பது இளஞ்சிவப்புக் கிரானைட். நிலவியலார் வரையறைப்படியும் கிரானைட்தான். பல நூற்றாண்டுகளாக வெட்டப்பட்டு வருகிறது. அதற்கு அடுத்துள்ள மோந்தோர்ஃபானோ மலையில் வெள்ளைக் கிரானைட். 1823-இல் தீக்கிரையான ரோமாபுரியின் தூய பவுல் பேராலயத்தைத் திரும்பக் கட்டியபோது 80 தூண்களை அந்த மலையிலிருந்துதான் நீர்வழியாகக் கொண்டுபோனார்கள். தூணுக்காகப் பாறையைப் பிளந்தவர்களின் கண்ணில் பட்டவைதாம் அந்தப் படிகங்கள்.

பவேனோ கல்லுக்குள் சிறு சிறு பொந்துகள் இருக்கின்றன. ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் குழம்பு பூமியின் மேற்பரப்புக்குச் சில கிலோமீட்டர் ஆழத்துக்குள்ளேயே வந்து உறைந்தது. மேலே அழுத்தம் குறைவு. ஆகவே குழம்பில் கரைந்திருந்த நீராவியும் பிற வாயுக்களும் பிரிந்து குமிழிகளாகத் தங்கின. சோறு வடித்த பானையின் மூடிக்கு அடியில் ஆவி தங்குவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குமிழிக்குள் வளர இடம் இருந்ததால், படிகம் பக்கத்துப் படிகத்தோடு முட்டி நசுங்காமல், தனக்குரிய முகங்களோடு வளர முடிந்தது. இளஞ்சிவப்பு ஆர்த்தோகிளேஸ், புகைநிறக் குவார்ட்ஸ், ஆல்பைட், ஃபுளோரைட், சியோலைட் எல்லாம் அந்தப் பொந்துகளின் சுவரில் ஒட்டியிருக்கும். இரண்டு ஆர்த்தோகிளேஸ் படிகங்கள் ஒட்டிப் பிறந்து, ஏறத்தாழச் சதுரத் தூண் போலத் தோன்றும் ஒரு முறைக்கே ‘பவேனோ இரட்டை’ என்று பெயர்.

குழம்பில் கடைசி வரை எந்தக் கனிமத்திலும் இடம் கிடைக்காமல் அலைந்த தனிமங்களும் அந்தப் பொந்துகளில்தான் ஒதுங்கின. பெரிலியம் கொண்ட பவேனைட் 1901-இல் அங்கிருந்து விவரிக்கப்பட்டது. 1915-இல் பாசைட்: மரகதத்தின் உறவினம், ஆனால் அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்காண்டியம் என்ற உலோகம், நீல நிறம், கண்ணுக்குத் தெரிவதே அரிது. 1982-இல் ஜெர்விசைட், காஸ்கண்டைட் என்று மேலும் இரண்டு ஸ்காண்டியக் கனிமங்கள். விரல் நீளப் படிகங்களை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அறிவியலுக்கு அந்த ஊர் தந்தவற்றுள் பெரும்பாலானவை உருப்பெருக்கியில் மட்டுமே தெரிபவை.

உங்கள் சார்னக்கைட்டின் பிறப்பு இதற்கு நேர் எதிர். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்த பாறை அது. அந்த அழுத்தத்தில் பொந்து தங்காது. நீரும் ஏறத்தாழ முழுவதும் வெளியேற்றப்பட்டுவிட்டது. அங்கே கார்னெட் மணி அக்கம்பக்கத்தை நெருக்கித்தள்ளித்தான் வளர்ந்தாக வேண்டும். அதனால் உருண்டு, விரிசல் விட்டிருக்கிறது. ஒருவகையில் அது அரிய பொருள். பவேனோவின் கல் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்றால் சில கிலோமீட்டர் என்போம். உங்கள் சுவருக்கு வந்திருப்பதோ பூமி ஓட்டின் அடித்தளம்.


வில்லியனூர் ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. சொன்ன சோதனைகளை நேற்று மாலை செய்து பார்த்தோம். பச்சைப் பூச்சு ஆணிக்குக் கீறவில்லை. மாறாக ஆணியின் இரும்புதான் அதன்மேல் சாம்பல் கோடாகப் படிந்தது. வினிகருக்கும் அசையவில்லை. ஆனால் அதே துண்டின் மறுபக்கத்தில் நாங்கள் கவனிக்காத ஒரு வெள்ளை ஏடு இருந்தது. அதைச் சுரண்டிய பொடியில் வினிகர் விட்டதும் சிறு குமிழிகள் கிளம்பின. கருப்புக்கல்லில் ஒரு பொன் புள்ளியை மகள் பெயர்த்தெடுத்து, ஓட்டின் அடிப்புறத்தில் தேய்த்தாள். கோடு கருப்பாக விழுந்தது. பொன் என்றால் கோடும் மஞ்சளாக இருந்திருக்கும் என்று அவளே படித்துச் சொன்னாள். சிவப்பு மணி பழைய கண்ணாடித் துண்டைக் கீறியது. மாமியார் அதையே வைரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

பச்சையும் வெள்ளையும் ஒரே கல்லின் இரு முகங்களில் மட்டும் இருப்பதற்கும் காரணம் உண்டா? துண்டுகளை எப்படிப் பாதுகாப்பது?


சங்கராபரணிக் கரையான் எழுதியது:

அப்படியானால் பச்சை எபிடோட், வெள்ளை கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம், பொன் புள்ளி பைரைட். நான் எதிர்பார்த்ததைவிட ஒழுங்காகச் சோதித்திருக்கிறீர்கள்.

இரு முகங்களும் பழைய விரிசல்கள். கொத்தனாரின் சம்மட்டி புதிதாகப் பிளக்கவில்லை. ஏற்கெனவே இருந்த விரிசலைத் திறந்தது, அவ்வளவுதான். பாறை ஆழத்திலிருந்து மேலே வந்து குளிர்ந்த நெடுங்காலத்தில், அந்த விரிசல்களில் சுடுநீர் ஓடியது. அது பக்கத்து ஃபெல்ட்ஸ்பாரிலிருந்து கால்சியத்தையும், பைராக்சீனிலிருந்து இரும்பையும் கரைத்தெடுத்து, எபிடோட்டாகப் படிய வைத்தது. கால்சைட் பொதுவாக அதைவிடக் குளிர்ந்த நீரில், பிற்பாடு படிவது. முத்தியால்பேட்டை நண்பர் சொன்ன பொந்து நம் பாறையில் இல்லை. ஆனால் விரிசல் இருக்கிறது. நம் குவாரிகளில் முகத்தோடு கூடிய சிறு படிகங்களைத் தேட வேண்டுமானால், உடைத்த முகத்தில் அல்ல, இப்படிப்பட்ட இயற்கையான விரிசல் முகத்தில்தான் தேட வேண்டும். அடுத்த லோடு வரும்போது, குவாரி உரிமையாளரின் அனுமதி பெற்றுத்தான் எடுக்க வேண்டும் என்ற சிக்கலே இல்லாமல், உங்கள் வாசலிலேயே பார்க்கலாம்.

பாதுகாப்பதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். பைரைட் உள்ள துண்டை மட்டும் ஈரம் படாமல் வையுங்கள். புதுச்சேரிக் காற்றில் அது துருப்பிடிக்கும். எபிடோட்டைக் கல்லிலிருந்து பெயர்த்தெடுக்காதீர்கள். தாய்ப்பாறையோடு இருந்தால்தான் அதற்கு மதிப்பு. ஒவ்வொன்றிலும் சிறு எண் எழுதி, ஒரு குறிப்பேட்டில் கிடைத்த இடம், நாள், எந்தப் பாறையில் இருந்தது, செய்த சோதனை ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். ‘திருவக்கரைப் பக்கம், லாரி ஓட்டுநர் சொன்னபடி’ என்றே எழுதட்டும். உறுதியாகத் தெரியாததைத் தெரிந்தது போல் எழுதிவிட்டால் அந்தத் துண்டு வெறும் ஜல்லி.


கெடிலத்துக்காரன் எழுதியது:

கடலூரிலிருந்து ஒரு சிறு சேர்க்கை. எங்கள் ஊரில் உடைப்பதற்குக் கருங்கல் இல்லை. கேப்பர் மலையில் இருப்பது ‘கடலூர் மணற்கல்’ என்று நிலவியலார் எங்கள் ஊர்ப் பெயராலேயே அழைக்கும் செம்மணற்கல். திருவக்கரைக் கல்மரம் கிடைப்பதும் இதே மணற்கல்லில்தான். ஆனாலும் கார்னெட் எங்களுக்கு நாள்தோறும் காலில் மிதிபடுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் சீறி அடங்கிய மறுநாள் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனால், வெளிர் மணலுக்கு மேல் கருப்பும் இளஞ்சிவப்புமாகக் கோலம் போட்டது போல் பட்டைகள் தெரியும். கருப்பு பெரும்பாலும் இல்மனைட்டும் மாக்னடைட்டும், இளஞ்சிவப்பு கார்னெட். உள்நாட்டுப் பாறைகள் சிதைந்து, பெண்ணையாறும் கெடிலமும் உங்கள் சங்கராபரணியும் கொண்டுவந்து சேர்த்தவை இவை. அலை இலேசான குவார்ட்ஸை இழுத்துச் சென்றுவிட, கனமான மணிகள் தங்கிவிடுகின்றன. அதே பாறையின் ஃபெல்ட்ஸ்பார் மட்டும் இவ்வளவு தூரம் தாங்காது. வழியிலேயே வெளுத்துக் களிமண்ணாகிவிடும்.

மகளின் பெட்டியில் ஐந்தாவதாக ஒரு தேக்கரண்டி மணல் சேரட்டும். கைக்கண்ணாடியில் பார்த்தால் முதல் துண்டின் சிவப்பு மணியை அடையாளம் கண்டுகொள்வாள். கருப்பு மணியைப் பிரிக்கக் காந்தம் கொண்டுவந்தால், அதை ஒரு பாலித்தீன் உறைக்குள் போட்டு மணலில் ஓட்டச் சொல்லுங்கள். உறையில்லாமல் ஓட்டிவிட்டு, ஒட்டிய மாக்னடைட்டை ஒரு வாரம் பல்துலக்கியால் தேய்த்தவன் நான்.